கழற்றி வைக்க வேண்டியது அலுமினியத்தை, பிரேமை அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கையால் செய்த பழைய சைக்கிள்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரை, பாரிஸின் ரெனே எர்ஸ், மிலானின் மாசி போன்ற பட்டறைகளின் வண்டிகளை இனி ஓட்டாமல் சுவரில் மாட்டிக் காப்பதே முறை என்று முடிந்திருந்தது. வண்டி முழுவதையும் ஒரே பொருளாகப் பார்ப்பதால் வரும் முடிவு இது. எஃகு பிரேமுக்கு வயதாகிற விதம் வேறு, அதில் பூட்டிய அலுமினிய பாகங்களுக்கு வயதாகிற விதம் வேறு. பிரேமை ஓட்டலாம். அலுமினியத்தில் சிலவற்றைக் கழற்றித்தான் வைக்க வேண்டும்.

1935இல் வந்த ரெனால்ட்ஸ் 531 ஆனாலும், இத்தாலியர்கள் விரும்பிய கொலம்பஸ் எஸ்.எல். ஆனாலும் முனைகளில் தடித்து நடுவில் மெலிந்த குழாய்கள்தான். எஸ்.எல். பிரதானக் குழாய் முனையில் 0.9 மி.மீ., நடுவில் 0.6 மி.மீ. எஃகுக்கு ஒரு தாங்கு வரம்பு உண்டு. சுமை அதற்குள் இருக்கும்வரை எத்தனை லட்சம் முறை அசைந்தாலும் அது களைப்பதில்லை. ஒழுங்காகப் பற்றவைத்த பிரேமை அழிப்பது பெரும்பாலும் உள்ளிருந்து வரும் துருதான். 0.6 மி.மீ. சுவரில் 0.2 மி.மீ. குழி விழுந்தால் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. மாட்டிவைத்த வண்டிக்கு இது நேராது என்று நினைக்க வேண்டாம். சீட்டைத் தாங்கும் தண்டான சீட் போஸ்ட் வழியாக இறங்கிய நீர் கீழே பெடல் அச்சுக் கூட்டில் தேங்கும். சென்னை, தூத்துக்குடி, யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களின் உப்புக் காற்று மீதி வேலையைச் செய்யும்.

மாட்டுவதோ ஓட்டுவதோ, முதலில் சீட் போஸ்ட்டையும் பெடல் அச்சையும் கழற்றி, காய்ச்சிய ஆளிவிதை எண்ணெயைக் குழாய்களுக்குள் ஊற்றுங்கள். பிரேமை எல்லாப் பக்கமும் உருட்டிச் சாய்த்து, மிஞ்சியதை வடித்து, சில நாள் காயவிடுங்கள். துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், அந்த எண்ணெய் காயும்போது சூடேறி தானே தீப்பிடிக்கும். வெட்டவெளியில் விரித்துக் காயப் போடுங்கள்.

சீட் போஸ்ட்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், அதிகமான பிரேம்கள் கெடுவது அங்கேதான். எஃகுக் குழாய்க்குள் அலுமினியத் தண்டு, நடுவில் வியர்வையும் மழைநீரும். அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடியாகும். பொடி உலோகத்தைவிட அதிக இடம் பிடிப்பதால் தண்டு இறுகிவிடும். வருடம் ஒரு முறை கழற்றி கிரீஸ் தடவினால் இது வராது. வந்துவிட்டால் ஊடுருவும் எண்ணெயை இரண்டு மூன்று நாள் ஊறவிடுங்கள். அசையாவிட்டால் அம்மோனியா, அது அந்தப் பொடியைத் தளர்த்தும். பல பட்டறைகளில் தீ கக்கும் கேஸ் டார்ச்சைத்தான் எடுப்பார்கள். அலுமினியம் எஃகைவிட ஏறக்குறைய இரு மடங்கு விரியும், ஆக மொத்தமாகச் சூடாக்கினால் இன்னும் இறுகும்; பெயின்ட் கருகும்; மூட்டு வெள்ளிப் பற்றாசில் இணைத்ததாக இருந்தால் அதுவே இளகலாம். குளிரவைப்பதுதான் உதவும். கடைசி வழி, தண்டின் தலையை வெட்டிவிட்டு உள்ளேயிருந்து ஹாக்ஸா பிளேடால் நெடுக அறுப்பது. பொறுமை இல்லாதவர் செய்யக் கூடாத வேலை. புதுத் தண்டு வாங்கும்போது 27.2 மி.மீ. துளைக்கு 27.0 போட்டு போல்ட்டை முறுக்காதீர்கள். தண்டை இறுக்கும் பிரேமின் காதுகள் உள்ளே வளைந்துவிடும்.

இனி அலுமினியம். அதற்கு எஃகைப் போன்ற தாங்கு வரம்பு கிடையாது. ஒவ்வொரு அசைவும் கணக்கில் சேரும், ஒருநாள் சொல்லாமல் உடையும். ஹேண்டில்பார், அதைப் பிரேமோடு இணைக்கும் ஸ்டெம், பெடல் பூட்டும் கிராங்க் மூன்றையும் சந்தேகியுங்கள். இத்தாலியப் பாக நிறுவனமான கேம்பக்னோலோவின் பழைய ‘ரெக்கார்ட்’ வகைக் கிராங்கில் பெடல் கை, பல்சக்கரத்தைத் தாங்கும் நட்சத்திரக் கைகளோடு சேரும் இடுக்கில் விரிசல் விழும் என்பது தெரிந்த சேதி. வெல்டிங் பொருள் விற்கும் கடைகளில் கிடைக்கும் சிவப்புச் சாயத்தைத் தெளித்து, பத்து நிமிடம் கழித்துத் துடைத்து, வெள்ளைப் பொடிக் கரைசலைத் தெளித்தால் விரிசல் சிவப்புக் கோடாக எழுந்து வரும். கோடு தெரிந்தால் அந்தக் கிராங்க் பெட்டிக்குப் போகட்டும். ஹேண்டில்பாரைச் சோதிக்கக்கூடத் தேவையில்லை, வரலாறு தெரியாவிட்டால் மாற்றிவிடலாம். மாற்றும்போது இத்தாலியின் சினெல்லி நிறுவனத்துப் பழைய ஸ்டெம்மின் துளை 26.4 மி.மீ. என்பதை மறக்க வேண்டாம்; 26.0 பாரைச் செருகினால் பிரேக் பிடிக்கும்போது சுழன்றுவிடும்.

பெடல் அச்சின் மரையில்தான் திரும்பப் பெற முடியாத பிழை நடக்கும். ஆங்கிலேய மரை 1.37 அங்குலம், அதாவது 34.8 மி.மீ.; பிரெஞ்சு மரை 35 மி.மீ. கண்ணுக்கு ஒன்றுதான். அச்சைத் தாங்கும் ஆங்கிலேயக் கப் பிரெஞ்சுக் கூட்டில் இரண்டு சுற்று போகும், பிறகு மரையைத் தின்றுவிடும். வலது பக்கக் கப் ஆங்கிலேய வண்டியில் இடமாகச் சுற்றினால் இறுகும். இத்தாலிய, பிரெஞ்சு வண்டிகளில் வலமாக. இத்தாலியக் கப் ஓட்டத்தில் தானே தளரும் இயல்புடையது, இறுக்கத்தில் கஞ்சம் வேண்டாம்.

சும்மா நிற்பதால் கெடுகிறவையும் உண்டு. பிரீவீலின் பழைய கிரீஸ் மெழுகாகி உள்ளே கொக்கிகள் ஒட்டிக்கொள்ளும், எழுந்து நின்று மிதிக்கும்போது பெடல் வெறுமனே சுற்றிவிடும். மெல்லிய எண்ணெயில் அலசினால் சரி. பின் ஹப்பில் கால் அங்குல பால்ரஸ், பக்கத்துக்கு ஒன்பது. பழையதில் ஒன்று தேய்ந்தாலும் ஒன்பதையும் மாற்றுங்கள். ரிம்மில் ஒட்டும் ட்யூபுலர் டயரின் பசை காய்ந்து நொறுங்கும், வளைவில் டயர் கழன்று வரும். காற்றை இறக்கிவிட்டுக் கட்டைவிரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். பெயர்ந்தால் முழுக்கச் சுரண்டி மறுபடி ஒட்ட வேண்டும்.

ஓட்டவே கூடாத வண்டிகளும் இருக்கின்றன. கோமோ ஏரிக்கு மேலே மடோனா தெல் கிசாலோ தேவாலயத்தில் தொங்கும் பந்தய வீரர்கள் கோப்பி, பார்த்தாலியின் வண்டிகளைப் போல, பந்தயத்திலிருந்து டேப்பும் டயரும் மாறாமல் வந்தவை ஆவணங்கள். மற்றவற்றுக்கு இத்தாலியின் டஸ்கனியில் நடக்கும் பழைய சைக்கிள் ஓட்டமான லெரோய்க்காவைப் பார்க்கலாம். 1997இல் தொடங்கியது, 1987க்கு முந்தைய வண்டிகள், கியர் நெம்புகோல் கீழ்க்குழாயில், பிரேக் கம்பி வெளியே, வெள்ளை மண்சாலை. எர்ஸின் வண்டிகளும் அதற்கு முன்பே பிரான்சின் தொழில்நுட்பப் போட்டிகளில் கரடுமுரடுப் பாதையில் ஓடி, உடைந்த பாகத்துக்கு மதிப்பெண் இழக்கும் விதிக்குக் கீழே சோதிக்கப்பட்டவைதான்.

கழற்றிய பாகங்களைத் துடைத்து, எண்ணெய்த் தாளில் சுற்றி, எந்த வண்டியுடையது என்று சீட்டெழுதி வையுங்கள். பிரேமில் துளையிடுவது, அராவுவது, பின் சக்கரம் பூட்டும் போர்க்கின் அகலத்தை 126இலிருந்து 130 மி.மீ.க்கு விரிப்பது ஆகியவற்றைத் தொடாதீர்கள்.

அளவு ஒன்று பாக்கி. இந்த வண்டிகள் ஒரே ஒருவரின் கால், கை நீளத்துக்குச் செய்தவை. ஸ்டெம்மும் சீட் போஸ்ட்டும் குழாய்க்குள் இரண்டரை அங்குலமாவது இருக்கும்படி உயர்த்தியும் உங்களுக்குப் பொருந்தாவிட்டால், சுவரில் ஆணி அடிக்கும் முன் அந்த உயரமுள்ள ஆளைத் தேடி விற்றுவிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு சைக்கிள் பழுதுபார்ப்பவர்,
கோயம்புத்தூர்