மின்னியின் தும்மலுக்குத் துணை நின்றவர்களுக்கு

அன்பானவர்களுக்கு வணக்கம்.

எங்கள் பூனை மின்னி எப்படி இருக்கிறாள் என்று பார்க்கிற இடத்தில் எல்லாம் விசாரிக்கிறீர்கள். நன்றாக இருக்கிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், திரைச்சீலையில் ஏறித் திட்டு வாங்குகிறாள். "முழுசா குணமாயிடுச்சா?" என்ற கேள்விக்கு மட்டும் ஆமாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அவள் உடம்பில் இருக்கும் வைரஸ் ஆயுளுக்கும் கூடவே இருக்கும். ஆனால் அவள் ஒரு தும்மல் போட்டாலே வீடு அல்லோலகல்லோலப்பட்ட காலம் போய்விட்டது. அதற்குக் காரணமான சிலருக்குத்தான் இந்த மடல். பெயர் போட வேண்டாம் என்று பாதிப் பேர் சொல்லிவிட்டதால் யாருடைய பெயரையும் போடவில்லை. படித்தால் யார் யார் என்று உங்களுக்கே புரிந்துவிடும்.

யாருக்கு எதற்கு நன்றி சொல்வது என்று மனசுக்குள் ஓட்டிப் பார்த்தபோது ஒரு விநோதம் தென்பட்டது. நீங்கள் செய்து கொடுத்ததெல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். செய்யாமல் விட்டீர்களே சில காரியங்கள், மின்னி பிழைத்துக் கிடப்பதில் அவற்றுக்குத்தான் பெரிய பங்கு.

டாக்டரம்மா, முதல் நன்றி உங்களுக்கு. அதுவும் மருந்தே எழுதாமல் திருப்பி அனுப்பினீர்களே, அந்த முதல் நாளுக்கு. அதற்கு முன்பெல்லாம் சளி என்று தூக்கிக்கொண்டு போனால் ஆன்டிபயாட்டிக் தருவார்கள். ஒரு வாரம் பத்து நாளில் சளி போகும். கொஞ்ச நாளில் திரும்பி வரும். மறுபடியும் அதே மாத்திரை. "மாத்திரை கொடுக்காம விட்டிருந்தாலும் அந்தப் பத்து நாள்ல தானாவே அடங்கியிருக்கும்" என்று நீங்கள்தான் முதலில் சொன்னீர்கள். உண்மையைச் சொன்னால் எனக்கு அன்றைக்கு எரிச்சல்தான். வெறுங்கையோடு திரும்பவா இவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்றிருந்தது.

ஆனால் அன்று நீங்கள் கேட்ட கேள்விகளை அதுவரை யாரும் கேட்டதில்லை. ஒரு பக்க மூக்கில் மட்டும் ஒழுகுகிறதா, இரண்டிலுமா? தண்ணீராகவா, கெட்டியாகவா? தும்மலா, இருமலா? இருமல் என்றால் உடம்பைத் தரையோடு பதித்து கழுத்தை நீட்டிக்கொண்டு இருமுகிறாளா? அது ஆஸ்துமாவாக இருக்கலாம், பலர் முடி உருண்டை என்று விட்டுவிடுவார்கள் என்றீர்கள். அப்புறம் ஒரு கண்ணாடித் தகட்டை எடுத்து அவள் மூக்குக்கு முன்னால் பிடித்தீர்கள். மூச்சுப் பட்டு இரண்டு சின்னச் சின்ன வட்டங்களாகப் பனி படிந்தது. இடது பக்கத்து வட்டம் கொஞ்சம் சிறுத்திருந்தது, ஆனால் இரண்டும் இருந்தன. "ரெண்டு பக்கமும் காத்து போகுது, நல்லது." ஒரே பக்கம் அடைத்திருந்தால் உள்ளே சதை வளர்ந்திருக்கிறதா, பல் வேரில் சீழ் கட்டியிருக்கிறதா, ஏதாவது சிக்கியிருக்கிறதா என்று தேட வேண்டியிருந்திருக்கும். வாயைத் திறந்து பற்களைப் பார்த்தீர்கள், நாக்கில் புண் இருக்கிறதா என்று பார்த்தீர்கள். இவ்வளவும் ஒரு ஊசி கூடப் போடாமல்.

எங்களைக் குடைந்துகொண்டிருந்த கேள்வி ஒன்றுதான். வாசப்படி தாண்டாத பூனைக்கு எங்கிருந்து சளி தொற்றுகிறது? எங்கிருந்தும் தொற்றவில்லை, உள்ளேயேதான் இருக்கிறது என்றீர்கள். பூனைகளின் சளியில் பெரும்பங்கு ஹெர்பிஸ், கலிசி என்ற இரண்டு வைரஸ்களால் வருவது. ஹெர்பிஸ் ஒருமுறை நுழைந்தால் முகத்து நரம்பின் முடிச்சில் போய் ஒடுங்கிக்கொள்ளும். மனிதர்களுக்குச் சின்ன வயதில் சின்னம்மை வந்து பல வருஷம் கழித்து அக்கியாகக் கிளம்புகிறதே, அதே குடும்பத்து வைரஸ், அதே குணம். பூனைக்கு ஒரு பயமோ இடமாற்றமோ புது ஆள் வரவோ நேர்ந்தால், 4 முதல் 11 நாள் கழித்துத் தலைதூக்கும். ஒன்றிரண்டு வாரம் ஆட்டிவைத்துவிட்டு மறுபடி அடங்கும். வீட்டுக்கு வந்து காலண்டரைத் திருப்பிப் பார்த்தால் அப்படியே பொருந்தியது. விருந்தாளிகள் கூட்டமாக வந்து தங்கிய வாரம், அதற்கு அடுத்த வாரம் தும்மல். மேல் வீட்டில் சுவரைத் துளைத்த வாரம், அதற்கு அடுத்த வாரம் தும்மல். நாங்கள் அந்தந்த நாளில் காரணம் தேடிக்கொண்டிருந்ததால் கண்ணில் படவே இல்லை.

வைரஸ் பரிசோதனைக்கு எழுதிக் கொடுங்கள் என்று நான் வற்புறுத்தியபோதும் நீங்கள் அசையவில்லை. நோயே இல்லாத பூனைக்கும் அதில் 'இருக்கிறது' என்று வரும், தடுப்பூசி போட்ட பூனைக்கும் வரலாம், முடிவு எப்படி வந்தாலும் வைத்தியம் மாறப்போவதில்லை, எதற்கு வீண் செலவு என்று கேட்டீர்கள். சரி, அதற்கும் நன்றி.

நீங்கள் ஒரு தாளின் பின்பக்கம் எழுதிக் கொடுத்தது இன்னும் எங்கள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டியிருக்கிறது. சளி தண்ணீராக இருந்து, சாப்பாடும் விளையாட்டும் குறையாமல், காய்ச்சலும் இல்லையென்றால் 10 நாள் வரை பொறுக்கலாம். மஞ்சளாகவோ பச்சையாகவோ கெட்டிப்பட்டு, கூடவே சோர்வோ காய்ச்சலோ சாப்பாட்டு மறுப்போ இருந்தால் வர வேண்டும், அப்போதுதான் ஆன்டிபயாட்டிக். கண்ணைச் சுருக்கினால் அன்றே வர வேண்டும். தூங்கும்போது நெஞ்சு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ண வேண்டும். 30க்குக் கீழே இருந்தால் நிம்மதி, 40ஐத் தாண்டினால் கிளம்ப வேண்டும். வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் எதையும் எண்ணிக்கொண்டிருக்காமல் ஓடி வர வேண்டும். இந்தத் தாள் வந்த பிறகு ராத்திரியில் அலறியடித்துக்கொண்டு உங்களை எழுப்புவது நின்றுபோனது உங்களுக்கும் தெரியும்.

மின்னியைக் குட்டியாக எங்களிடம் தந்த அக்காவுக்கு அடுத்தது. உங்களைக் கூப்பிட்டு "இவளுக்கு அப்போ ஏதாவது வந்துச்சா?" என்று கேட்டபோது, "ஒன்றுமில்லையே" என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். நீங்கள் மழுப்பவில்லை. தாய்ப்பூனை பால் கொடுத்துக்கொண்டிருந்தபோதே தும்மிக்கொண்டிருந்ததையும், குட்டிகளின் கண் பீளை கட்டி ஒட்டிக்கொண்டதை வெந்நீர்ப் பஞ்சால் துடைத்துத் திறந்ததையும் சொன்னீர்கள். டாக்டரம்மாவின் யூகம் உறுதிப்பட்டது அதனால்தான். போட வேண்டிய தடுப்பூசிகளை எல்லாம் நீங்கள் ஒழுங்காகப் போட்டுத்தான் தந்தீர்கள். அந்த ஊசி ஏற்கெனவே உள்ளே புகுந்துவிட்ட வைரஸை விரட்டாது, ஆனால் நோயின் மூர்க்கத்தைத் தணிக்கும். ஆகவே உங்கள் மேல் யாருக்கும் வருத்தம் இல்லை. இதை நீங்கள் நம்ப வேண்டும்.

மருந்துக்கடைத் தங்கச்சிக்கு நான் பட்ட கடன் தனி. ஒருமுறை மின்னி வலது கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்றாள். சாயம் விட்டு நீல விளக்கில் பார்த்தபோது கருவிழியில் பச்சையாக, சுள்ளி கிளைத்தது போல ஒரு கோடு ஒளிர்ந்தது. ஹெர்பிஸ் போடும் புண். டாக்டரம்மா எழுதிய சொட்டு மருந்து கடையில் இல்லை. "இதே மாதிரி இன்னொண்ணு இருக்கு, தரட்டுமா?" என்று கேட்டு அனுப்பியிருந்தால் நான் சந்தோஷமாக வாங்கியிருப்பேன். நீ டப்பாவைத் திருப்பி, அதில் ஸ்டீராய்டு கலந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தர மாட்டேன் என்று சொல்லி, டாக்டரம்மாவுக்கே போன் போட்டாய். அந்தப் புண்ணில் ஸ்டீராய்டு பட்டால் வைரஸுக்குக் கொண்டாட்டம், கண்ணே போயிருக்கக்கூடும். பின்னால் வைரஸை அடக்கும் ஃபாம்சைக்ளோவிர் மாத்திரை எழுதியபோதும், அசைக்ளோவிர் மாத்திரையும் அதே வகைதானே என்று கேட்ட வீட்டு ஆளிடம், அதை உள்ளுக்குக் கொடுத்தால் பூனைக்கு நஞ்சு என்று நிறுத்தி நிதானமாக விளக்கினாய். பாராசிட்டமால் விஷயத்தையும் நீ சொல்லித்தான் இந்தத் தெருவில் பூனை வைத்திருப்பவர்கள் எல்லோருக்கும் தெரியும். மனிதர்களுக்கான ஒரே ஒரு மாத்திரை ஒரு பூனையின் உயிரை எடுத்துவிடும், ஏனென்றால் அதை உடைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் கிட்டத்தட்ட இல்லை.

மருத்துவமனையில் உதவிக்கு இருக்கும் தம்பி, மின்னிக்கு உன்னைப் பிடிக்காது. எனக்கு ரொம்பப் பிடிக்கும். பிடரியைப் பிடித்துத் தூக்காமல் துண்டில் சுற்றி, தலை மட்டும் வெளியே தெரிய மடியில் வைத்துக்கொள்ளக் கற்றுக்கொடுத்தாய். டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் மாத்திரை காய்ந்தபடி உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டால் அங்கேயே புண்ணாக்கிவிடும் என்று, ஒவ்வொரு தடவையும் பின்னாலேயே சிரிஞ்சில் 5, 6 மில்லி தண்ணீர் கொடுக்கச் சொன்னாய். கடைவாய் ஓரமாக, சொட்டுச் சொட்டாக, அவள் விழுங்க விழுங்க. இன்னும் அப்படியேதான் செய்கிறோம்.

சித்தியைப் பற்றி எழுத ஆரம்பித்தால் மடல் நீண்டுவிடும் என்று கடைசிக்குத் தள்ளப் பார்த்தேன். முடியவில்லை. மூக்கடைத்த பூனைக்கு வாசனை தெரியாது, வாசனை தெரியாத பூனை சாப்பிடாது. பூனை இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால், அதிலும் மின்னி மாதிரி கொழுத்த பூனை கிடந்தால், உடம்புக் கொழுப்பெல்லாம் கல்லீரலில் போய்ச் சேர்ந்து அது வேறு பெரிய வியாதியாகிவிடும். சளியைவிட எங்களைப் பயமுறுத்தியது இதுதான். நாங்கள் எல்லோரும் வேலைக்குப் போய்விட, காலையில் வந்து உட்கார்ந்தது சித்தி. முதலில் குளியலறையில் வெந்நீரைத் திறந்துவிட்டு, ஆவி நிறைந்ததும் மின்னியைக் கூட்டிக்கொண்டு கதவைச் சாத்திக்கொண்டு 10, 15 நிமிடம். ஆவியில் எந்தத் தைலமும் கிடையாது; கற்பூரமும் யூகலிப்டஸும் நமக்கு இதம், பூனைக்கு விஷம். இதைச் சொன்னதும், எதற்கெடுத்தாலும் தைலத்தைத் தேடும் சித்தி தன் டப்பாவைக் கைப்பையிலிருந்தே எடுத்து வீட்டில் வைத்துவிட்டு வர ஆரம்பித்தார். சின்னத் தியாகமா அது!

அப்புறம் உப்புநீரில் நனைத்த மெல்லிய துணியை மூக்கின் மேல் கொஞ்ச நேரம் வைத்து, காய்ந்த பொருக்கு ஊறினதும் ஒரே துடைப்பு. பொருக்கைப் பிய்க்கவே மாட்டார். கண்ணுக்கு வேறு துணி, அதிலும் கண் ஒவ்வொன்றுக்கும் ஒன்று. இதற்குள் சாப்பாடு தயாராக இருக்கும்; பூனையின் உடம்புச் சூடு 38 டிகிரிக்குக் கொஞ்சம் மேலே, அந்த அளவுக்கு வெதுவெதுப்பாக, வாசனை எழும்பும்படி. அதைத் தட்டில் வைத்துவிட்டு சித்தி எழுந்து போய்விடுவார். நான் எல்லாம் கெஞ்சிக் கொஞ்சி வாயில் திணிக்கப் பார்க்கிற ஆள். "திணிச்சா அந்தச் சாப்பாட்டையே வெறுத்துடும், நீ தள்ளு" என்பார். அது உண்மைதான் என்று டாக்டரம்மாவும் சொன்னார். அடுத்த அறையில் உட்கார்ந்து, தட்டு நகரும் சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டிருப்போம். கேட்டால் சித்தி என்னைப் பார்த்துத் தலையை ஒரு ஆட்டு ஆட்டுவார். அந்தப் பெருமை தாங்காது.

மேல் வீட்டு அண்ணே, உங்கள் வீட்டில் வேலை நடக்கிற நாட்களை முன்கூட்டியே சொல்லிவிடுகிறீர்கள். உள்ளறையில் அட்டைப்பெட்டியும் போர்வையும் மணல் தட்டும் தண்ணீரும் வைத்து அவளை முதல் நாளே குடியேற்றிவிட முடிகிறது. மாடிப்படி ஜன்னலில் நின்று சிகரெட் பிடிப்பதையும் நிறுத்திவிட்டீர்கள். பூனைக்காகத்தான் என்று அண்ணியிடம் சொன்னீர்களாம். அண்ணி எனக்கு நன்றி சொன்னார், அதை அப்படியே மின்னியிடம் சேர்த்துவிட்டேன்.

லைசின் பொடி வாங்கி வந்த அலுவலக நண்பருக்கு ஒரு வார்த்தை. பல வருஷம் பலரும் நம்பிக் கொடுத்த பொடிதான் அது. 2015இல் அதுவரை வந்த ஆய்வுகளை எல்லாம் சேர்த்துப் பரிசீலித்தவர்கள், பூனையின் ஹெர்பிஸுக்கு அதனால் பலன் இல்லை என்று எழுதிவிட்டார்கள். டப்பா பிரிக்காமல் இருந்ததால் திருப்பித் தந்தேன். முகம் கோணாமல் வாங்கிக்கொண்டு, அதற்குப் பதிலாகத் தூசு பறக்காத மணல் மூட்டை ஒன்றைத் தோளில் சுமந்து வந்தீர்களே, அது இன்னும் பெரிய உதவி.

இரண்டு பூனை வளர்க்கும் தோழி, நீ மின்னிக்குச் சளி இருக்கும் வாரங்களில் வீட்டுப் பக்கமே வரவில்லை. மனிதர்களுக்கு இது ஒட்டாது, ஆனால் கையிலும் துணியிலும் போய் உன் பூனைகளுக்கு ஒட்டலாம். ஹெர்பிஸ் வெளியே ஒரு நாள் கூடத் தாக்குப்பிடிக்காது என்றாலும் கலிசி வாரக்கணக்கில் கிடக்கும். ஜோடிக்கு ஒரு குட்டி தருகிறேன் என்றதையும், வேண்டாம் என்றதும் மறுபேச்சில்லாமல் விட்டுவிட்டாய். மின்னிக்கு ஜோடி வேண்டாம். அவளுக்குத் தன் ஜன்னலும் தன் மூலையும் போதும்.

இப்போது சளி இல்லை. எல்லோரும் வாருங்கள், ஆனால் ஒரே நாளில் வேண்டாம். சென்ட் அடித்துக்கொள்ளாமல் வாருங்கள். வாசலில் மணி அடிக்காமல் போன் செய்யுங்கள். அவளாக வந்து உரசினால் தடவிக்கொடுங்கள். கட்டிலுக்கு அடியிலிருந்து இழுக்க வேண்டாம்.

நன்றியுடன்,
மின்னி வீட்டார்