அடுப்படியில் நிற்கும் மகளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு,

நீ சொல்லிச் சொல்லி ஒருவழியாக, ஓட்டலில் எலி சமைக்கிற அந்தக் கார்ட்டூன் படத்தைப் பார்த்துவிட்டேன். 2007-ல் வந்த ரட்டட்டூயியை இப்போதுதான் பார்க்கிறாயா என்று சிரிக்காதே. எல்லோரும் எலியை ரசிப்பார்கள், நான் கொலெட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். படத்தில் வருகிற அந்த ஓட்டல் சமையலறையில் சமைக்கிற ஒரே பெண் அவள். புதிதாக வந்த பையனிடம், கையை உடம்போடு ஒட்டி வை, இங்கே எல்லோரும் வேகமாகப் போவார்கள், கத்தியும் சூடான பாத்திரமும் குறுக்கே வரும், ஏப்ரன் அழுக்காகலாம், சட்டைக் கை அழுக்காகக் கூடாது என்று அவள் பொரிந்து தள்ளுகிற இடத்தை நிறுத்தி மறுபடியும் பார்த்தேன். ஓட்டல் சமையலறையில் வேலை பார்க்கிற நீ, வீடியோவில் பேசும்போதுகூட முழங்கையை மடக்கி விலாவோடு ஒட்டிக்கொண்டு நிற்பது ஏன் என்று அப்போதுதான் விளங்கியது.

படம் எடுத்தவர்கள் சும்மா எடுக்கவில்லை. தயாரிப்பாளர் கலிபோர்னியாவில் தாமஸ் கெல்லர் என்ற பெரிய செஃபின் சமையலறைக்கே போய் நின்று வேலை பழகியிருக்கிறார். கடைசியில் சாப்பாட்டு விமர்சகர் முன்னால் வைக்கிறார்களே, காய்களை மெல்லிசாகச் சீவி வட்டமாக அடுக்கிய தட்டு, அதுவும் கெல்லர் யோசனைதான். ஆனால் எலி எதையோ கிள்ளிப் போட்டதும் சூப் மணக்கிறதே, அதை மட்டும் நான் நம்பமாட்டேன். எலும்பை மணிக்கணக்கில் கொதிக்கவிட்டு நுரையை எடுத்துக்கொண்டே நிற்கிறவர் யார், வெங்காயம் நறுக்கி நறுக்கிக் கண் எரிகிறவர் யார்? கால் வலி என்று அந்தப் படத்தில் ஒருவர்கூடச் சொல்லவில்லை.

அப்புறம், உங்கள் செஃப் கத்துவதைப் பற்றி. "இந்தத் தொழிலில் அதெல்லாம் சகஜம்ப்பா" என்றாய். எனக்கு அது ஒப்பவில்லை. சாஸுக்கு ஒருவர், மீனுக்கு ஒருவர் என்று நீங்கள் இன்றைக்கும் வேலை பிரித்துக்கொள்கிற முறையை வகுத்தவர் எஸ்காஃபியே என்ற பிரெஞ்சு செஃப். 13 வயதில் நீஸ் நகரில் உறவுக்காரர் ஓட்டலில் எடுபிடியாகச் சேர்ந்தவர், பட்டாளத்துக்கும் சமைத்தவர், அந்தக் காலத்துச் சமையலறையில் எவ்வளவு வசவு கேட்டிருப்பார்! அப்படிப்பட்டவரே தன் சமையலறையில் கூச்சலும் கெட்ட வார்த்தையும் கூடாது என்று வைத்திருந்தார். "பின்னால் வருகிறேன்", "சூடு" என்று குரல் கொடுப்பது வேறு, ஆளைக் கேவலப்படுத்துவது வேறு. முதலாவதற்கு நீயும் உரக்கக் கத்து. இரண்டாவதைத் தொழில் கற்கிற கூலி என்று நினைத்து விழுங்காதே. நாளைக்கு உன் கீழ் ஒரு சின்னப் பையன் வந்து நிற்பான், அவனிடம் நீயும் அதே மாதிரி ஆகிவிடுவாயோ என்பதுதான் என் கவலை.

மணிக்கட்டில் ஒரு கட்டு தெரிந்தது, கேட்டதும் கையைக் கீழே இறக்கிவிட்டாய். சுட்டுக்கொண்டால் உடனே ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிஷம் காட்டு, ஐஸ் வைக்காதே, ஆர்டர் நிற்கிறது என்று ஓடாதே. சாப்பாட்டையும் எங்கேயாவது உட்கார்ந்து சாப்பிடு. ஊருக்கெல்லாம் தட்டு அடுக்கிக் கொடுத்துவிட்டு நீ மட்டும் நின்றபடி டப்பாவிலிருந்து வாரிப் போட்டுக்கொள்வதை நினைத்தால் கோபம்தான் வருகிறது.

சாஸ் பக்கம் மாற்றப் போவதாகச் சொன்னாயே, என்ன ஆயிற்று? ஞாயிறு கூப்பிடு. உங்களுக்கு ஞாயிறு ஏது, சரி, எந்த நாள் லீவோ அன்றைக்கு, நன்றாகத் தூங்கி எழுந்த பிறகு கூப்பிடு.

அன்புடன்,
அப்பா