தாமிரபரணி தென்கரைத் துப்புரவு: திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்கு வணக்கம்.

பாலத்தடியிலிருந்து கீழப் படித்துறை வரை, ஒன்றரை கிலோமீட்டர் தென்கரையைச் சுத்தம் செய்யும் பணி 2025 மே 25 ஞாயிற்றுக்கிழமை மாலையோடு நிறைவடைந்தது. மார்ச் 16 பொதுக்குழுவில் நீங்கள் அனுமதித்த தொகை ரூ. 1,80,000. செலவானது ரூ. 2,47,350. கூடுதல் ரூ. 67,350. இந்தக் கூடுதலைப் பற்றித்தான் பத்து நாளாக ஊருக்குள் பேச்சு. டீக்கடையில் என்னை நிறுத்தி நேரிலேயே கேட்டவர்கள் உண்டு; கேட்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனவர்களும் உண்டு. கேட்டவர்களுக்கு நன்றி. அதனால் கரை சுத்தமான விவரத்தைப் பின்னால் வைத்துக்கொண்டு, பணம் போன விவரத்தை முதலில் சொல்கிறேன்.

“ஞாயிற்றுக்கிழமை நாலு பேர் சேர்ந்து குப்பை பொறுக்குகிற வேலைக்கு ஜேசிபி எதற்கு?” இதுதான் பலருடைய முதல் கேள்வி. பாட்டிலும் பாலித்தீன் பையும் மட்டும் என்றால் ஜேசிபி தேவையே இல்லை. நம் கரையில் கிடந்தது துணி. பாபநாசத்தில் முழுகி, உடுத்திய துணியை ஆற்றோடு விட்டால் தோஷம் கழியும் என்று நம்பி வருகிறவர்கள் விட்டுப் போவது பாதி; நம் ஊர்ப் படித்துறையிலேயே கருமாதி முடித்து நாம் விடுவது மீதி. வேட்டி, சேலை, தலையணை உறை, இறந்தவர் படுத்த மெத்தை வரைக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் வந்த வெள்ளம் உங்களுக்கு மறந்திருக்காது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்த அந்த இரண்டு நாளில், பல வருஷத் துணியையும் ஆறு சுருட்டிக்கொண்டு வந்து நம் வளைவில், மருத மரத்து வேர்களுக்குள் திணித்துவிட்டு, மேலே மூன்று நாலடி வண்டலையும் போட்டு மூடிவிட்டுப் போனது.

ஏப்ரல் 6, முதல் ஞாயிறு. கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டப் பையன்கள் இரண்டு பேர், மணலுக்கு வெளியே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்த ஒரு சேலை முந்தானையைப் பிடித்து இழுத்தார்கள். ஒரு கஜம் வந்தது. அப்புறம் வரவில்லை. மம்பட்டியால் சுற்றிலும் வெட்டி, மறுபடி இழுத்து, முக்கால் மணி நேரம் கழித்து முழுச் சேலையும் வந்தது. அதோடு பின்னிக்கொண்டு ஒரு கைலி, இரண்டு துண்டு, ஒரு குழந்தையின் சட்டை. சேலை நிறம் போய்க் கறுத்திருந்தது. சரிகை மட்டும் அப்படியே இருந்தது. ஈரமும் வண்டலும் சேர்ந்து அந்த ஒரு முடிச்சை இரண்டு பேரால் தூக்க முடியவில்லை. முக்கால் மணி நேரத்துக்கு ஒரு சேலை. அன்றைக்கு வந்திருந்தவர்கள் 60 பேர். நாலு ஞாயிறு இப்படியே கையால் இழுத்துப் பார்த்தோம். மேலாகக் கிடந்ததும் மரக்கிளையில் தொங்கியதும் தொரட்டிக்கு வந்துவிட்டன. வளைவில் புதைந்து கிடந்தது மட்டும் அசையவே இல்லை. இயந்திரம் வேண்டியிருக்கும் என்று முன்பே நினைத்துத்தான் பட்ஜெட்டில் அதற்கு ரூ. 60,000 வைத்திருந்தோம்.

இனி காண்டிராக்டர் விவகாரம்.

பக்கத்து ஊர்க்காரர் ஒருவர், ஜேசிபியும் டிப்பரும் சேர்த்து மொத்தமாக ரூ. 60,000-க்கு முடித்துத் தருகிறேன் என்றார். மற்றவர்கள் சொன்னதில் ஏறத்தாழப் பாதி. நமக்குப் பரிச்சயமானவர், கோயில் வேலையெல்லாம் செய்தவர் என்பதால் முன்பணம் ரூ. 20,000 கொடுத்தோம். மே 5, 6 இரண்டு நாள் வேலை நடந்தது. 7-ம் தேதி விடிகாலை, நடைப்பயிற்சிக்குப் போன நம் உறுப்பினர், ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், கரையேறிக்கொண்டிருந்த டிப்பரை மறித்து எனக்கு போன் செய்தார். நான் போவதற்குள் அவர் சக்கரத்தின் மேல் ஏறி, லோடுக்குள் ஒரு கம்பியைச் செருகிப் பார்த்துவிட்டார். மேலே அரையடிக்குத் துணி, அடியில் முழுக்க மணல். வண்டல் கலக்காத வெள்ளை மணல். கையில் அள்ளினால் தண்ணீர் சொட்டியது. குழியைப் போய்ப் பார்த்தோம். துணி கிடந்த இடத்தைத் தாண்டி, ஆற்றுப் பக்கமாக, துணியே இல்லாத இடத்தில் ஆள் உயரத்துக்குத் தோண்டியிருந்தது.

காண்டிராக்டர் வந்தார். மறைக்கவில்லை. “துணியோட மணல் வரத்தான் செய்யும் சார். அதை நம்பித்தான் அறுபதுக்கு ஒத்துக்கிட்டேன்” என்றார். மணல் இல்லாமல் வேலை வேண்டுமென்றால் இன்னும் ரூ. 45,000 ஆகும் என்றார்.

இந்த இடத்தில்தான் சில உறுப்பினர்கள் கமிட்டியைக் குறை சொல்கிறார்கள். கொஞ்சம் மணல் போனால் போகிறது, வேலை பட்ஜெட்டுக்குள் முடிந்திருக்குமே என்கிறார்கள். அவர்களுக்கு என் பதில் இது. நீர்வளத் துறை நமக்குக் கொடுத்த அனுமதிக் கடிதத்தில், குப்பையைத் தவிர ஒரு கூடை மணல்கூடக் கரையேறக் கூடாது என்று தெளிவாக இருக்கிறது. அந்தக் கடிதம் இல்லாவிட்டாலும் என் பதில் மாறியிருக்காது. இதே ஆற்றில் மணல் அள்ளுவதைத் தடுக்க, பெரியவர் நல்லகண்ணு தன் முதிய வயதில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் தானே நின்று வாதாடி 2010-ல் தடை வாங்கினார். அப்படிப்பட்ட ஆற்றில், சுத்தம் செய்கிறோம் என்று பேனர் கட்டிவிட்டு, பேனருக்குப் பின்னால் மணல் போக விட்டிருந்தால் நாம் செய்தது திருப்பணியா? ஊர்க்காரர்கள் கொடுத்த ஐந்நூறும் ஆயிரமும் மணல் திருட்டுக்கு மறைப்பாகப் போயிருக்கும்.

அன்று காலையே அந்த டிப்பர் மணலை அதே குழியில் கொட்ட வைத்தோம். அவர் ஜேசிபியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். முன்பணம் திரும்பவில்லை. இரண்டு நாள் வேலைக்கும் டீசலுக்கும் அது சரியாகிவிட்டது என்கிறார். மூன்று தடவை வீட்டுக்குப் போய்க் கேட்டாகிவிட்டது. ஒப்பந்தத்தில் “குப்பை அகற்றும் வேலை” என்று மட்டும்தான் எழுதியிருந்தது. மணல் எடுக்கக் கூடாது என்ற வரி இல்லை. எழுதியது நான். அந்த வரியை விட்டது என் தவறு. பொதுக்குழு என்ன சொன்னாலும் ஏற்றுக்கொள்கிறேன்.

போலீசில் ஏன் புகார் கொடுக்கவில்லை என்று கேட்கிறார்கள். அன்று இரவு கமிட்டி கூடி இரண்டு மணி நேரம் இதைத்தான் பேசியது. புகார் கொடுத்தால் விசாரணை முடியும் வரை குழியைத் தொட முடியாது, திறந்த குழியோடு கரை அப்படியே நிற்கும், ஜூனில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் வந்தால் கரையே சரியும் என்று ஏழு பேர் சொன்னோம். புகார் கொடுத்தே ஆக வேண்டும் என்று இரண்டு பேர் சொன்னார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. அது நிகழ்ச்சிக் குறிப்பில் அவர்கள் கையெழுத்தோடு பதிவாகியிருக்கிறது. அவசரம் பொய்யான அவசரம் இல்லை என்பதற்கு ஒன்று சொல்கிறேன்: இந்த வருஷம் கேரளாவில் தென்மேற்குப் பருவமழை மே 24-ம் தேதியே தொடங்கிவிட்டது. நாம் குழியை மூடி முடித்தது மறுநாள்.

இரண்டாவது ஜேசிபி பொருளாளரின் தங்கை மருமகனுடையது. ஆமாம், உண்மைதான். இதை யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை, நானே எழுதுகிறேன். மூன்று பேரிடம் விலை கேட்டோம். மணிக்கு ரூ. 1,400, ரூ. 1,350, ரூ. 1,300. கடைசி விலை அவருடையது. அதை முடிவு செய்யும்போது பொருளாளர் எழுந்து வெளியே போய் வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மே 12 முதல் 18 வரை 52 மணி நேரம் ஓடியது: ரூ. 67,600. டிப்பர் 24 நடை, நடைக்கு ரூ. 1,500: ரூ. 36,000. தினமும் காலையிலும் மாலையிலும் மீட்டரைப் பார்த்து, கமிட்டியில் இல்லாத இரண்டு உறுப்பினர்கள் நோட்டில் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். போன முன்பணத்தையும் சேர்த்தால் இயந்திரக் கணக்கு ரூ. 1,23,600. கூடுதலில் ரூ. 63,600 இங்கேதான் போனது. முப்பது வருஷமாக இந்த ஊரில் சீட்டுக் கணக்கும் கோயில் கணக்கும் பார்த்த மனிதர் நம் பொருளாளர். அவரைப் பற்றிப் பேசியவர்கள் அந்த நோட்டை ஒரு தடவை புரட்டிப் பார்த்துவிட்டுப் பேசியிருக்கலாம்.

மீதி ரூ. 3,750 மருத்துவச் செலவு. பாலத்தடியில் உடைந்த பாட்டில் ஒரு மாணவனின் ரப்பர் செருப்பைக் கிழித்துக்கொண்டு காலில் ஏறிவிட்டது. நாலு தையல். அதற்கு அடுத்த வாரத்திலிருந்து பூட்ஸ் இல்லாமல் யாரையும் இறங்க விடவில்லை.

மற்ற வேலைகள் திட்டப்படியே நடந்தன. கையுறை, பூட்ஸ், பன்னருவாள், சாக்கு வகையில் ரூ. 28,400. எட்டு ஞாயிற்றுக்கும் சாப்பாடு, டீ, தண்ணீர் ரூ. 31,200. காய்ந்த துணியை எரிபொருளாக எடுத்துக்கொள்ளும் சிமெண்ட் ஆலைக்கு லாரி வாடகை ரூ. 12,000. படித்துறைத் தொட்டிக்கும் கம்பி வலைக்கும் ரூ. 8,400.

துணி பிரித்த கூலி ரூ. 40,000 பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். “சேவைக்குக் கூலியா?” என்று ஒருவர் கேட்டார். நாம் ஞாயிற்றுக்கிழமை காலை ஆறு மணிக்கு இறங்கி பதினொரு மணிக்குக் கரையேறினோம். அந்த ஐந்து பெண்கள் பதினாறு நாள், சித்திரை வெயிலில், நாற்றமடிக்கும் துணியை உதறி, காயப்போட்டு, பாலித்தீன் தனி, கண்ணாடி தனி, துணி தனி என்று பிரித்தார்கள். அன்றாடம் வேலைக்குப் போனால்தான் அவர்கள் வீட்டில் அடுப்பு எரியும். நாளுக்கு ரூ. 500 கொடுத்தது அதிகமில்லை. ஈரத்துணியை ஆலைக்காரர்கள் எரிபொருளாக எடுக்க மாட்டார்கள். காய்ந்து, மண் உதிர்ந்திருக்க வேண்டும். இவ்வளவு பாடு எதற்கு, எங்காவது தரிசில் கொட்டியிருக்கலாமே என்ற யோசனையும் வந்தது. 2024 டிசம்பரில் நம் மாவட்டத்தில், நடுக்கல்லூர், கொடகநல்லூர் பக்கம் கேரளத்து ஆஸ்பத்திரிக் கழிவைக் கொட்டியதற்கு நாம் எவ்வளவு கொதித்தோம்? பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவு போட்டு, அவர்களே லாரி கொண்டு வந்து அள்ளிப் போனார்கள். அதே காரியத்தை நாம் அடுத்த ஊருக்குச் செய்வதற்குக் கமிட்டி சம்மதிக்கவில்லை.

வரவு ரூ. 2,53,490. பெயர் போட வேண்டாம் என்று முக்கால்வாசிப் பேர் சொல்லிவிட்டதால் இங்கே அடையாளம் மட்டும் தருகிறேன். ரசீது நகல் எல்லாம் அலுவலகத்தில் இருக்கிறது. உறுப்பினர் 212 பேர், ஆளுக்கு ரூ. 500 வீதம் ரூ. 1,06,000. மும்பை தாராவியில் தொழில் செய்யும் மேலத்தெரு அண்ணாச்சி ரூ. 50,000. நம் பள்ளியில் 1994-ல் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் சேர்ந்து ரூ. 31,000. ரைஸ்மில் குடும்பத்தார் ரூ. 25,000. பஜார் மெடிக்கல் ஸ்டோர் சகோதரர்கள் ரூ. 15,000. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியை டீச்சர் தன் பென்ஷனிலிருந்து ரூ. 10,000. மகளிர் சுய உதவிக் குழுக்கள் மூன்றும் தலா ரூ. 2,000. ஆட்டோ ஸ்டாண்டு தம்பிகள் ரூ. 5,500. டீக்கடை உண்டியலில் ரூ. 3,490. மார்க்கெட் மீன்கார அம்மா ரூ. 1,000. கோயில் வாசலில் பூக்கட்டும் அக்கா ரூ. 500. கடைசி இரண்டு பேரும் நாங்கள் கேட்காமல் தாங்களே தேடி வந்து கொடுத்தார்கள். திருநெல்வேலியில் 1843-ல் சுலோசன முதலியார் தன் சொந்தப் பணத்தில் பாலம் கட்டிக் கொடுத்த ஆறு இது. அந்தக் கொடைக்கும் இந்த ஐந்நூறு ரூபாய்க்கும் நடுவில் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

பொருளாகவும் உழைப்பாகவும் கொடுத்தவர்கள்: துணி காயப்போடத் தன் தரிசை ஒரு மாதம் விட்டுத் தந்த கீழத்தெரு விவசாயி, எட்டு ஞாயிறும் மோர் கொண்டு வந்த பால் சொசைட்டித் தாத்தா, டிராக்டரை டீசலோடு அனுப்பிய உர வியாபாரி, வளைவில் எங்கே ஆழம், எங்கே புதைமணல் என்று கூடவே நின்று காட்டிய சலவைத் தொழிலாளர் குடும்பத்தார். இவர்கள் இல்லாவிட்டால் அந்த மருத மரங்களின் வேரைக் காப்பாற்றியிருக்க முடியாது. வேரைச் சுற்றியிருந்த துணியை ஜேசிபி பல்லால் இழுத்தால் வேரும் அறுந்துவிடும் என்று இயந்திரத்தை நிறுத்தச் சொல்லி, அவர்களே முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்து பன்னருவாளால் இழை இழையாக அறுத்து எடுத்தார்கள். ஏழு மரம். ஒன்றுகூடச் சாயவில்லை. இப்போது போய்ப் பாருங்கள், வேர்களுக்கு நடுவே தண்ணீர் ஓடுகிறது, கெண்டைக்குஞ்சு தெரிகிறது.

வங்கியில் இருப்பு ரூ. 6,140. பன்னருவாள், தொரட்டி, மம்பட்டி, 40 ஜோடி பூட்ஸ் எல்லாம் படித்துறை மண்டபத்து அறையில் இருக்கின்றன, சாவி டீக்கடையில்.

ஜூன் 29 ஞாயிறு மாலை ஐந்து மணிக்குப் பொதுக்குழு. நோட்டு, ரசீது, மீட்டர் குறிப்பு, அனுமதிக் கடிதம் நாலு மணியிலிருந்தே மேஜையில் இருக்கும். ஜூலை 24 ஆடி அமாவாசை. அன்று விடிகாலை மூன்று மணியிலிருந்து மதியம் வரை, தர்ப்பணம் முடித்து வருகிறவர்களிடம் கைகூப்பிச் சொல்லி, துணியை ஆற்றில் விடாமல் தொட்டியில் வாங்கிப் போட, முறைக்கு ஆறு பேர் வீதம் மூன்று முறைக்கு 18 பேர் வேண்டும். இதுவரை 11 பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். இன்னும் ஏழு பேர் வேண்டும். பொதுக்குழுவுக்கு வரும்போது பெயர் கொடுங்கள்.

இப்படிக்கு,
செயலாளர்
(கமிட்டிக்காக)