ஸ்பிட்ஃபயருக்கு ஹிஞ்ச் வைப்பது பற்றி, பழைய நண்பனுக்கு

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும் கூடவே அனுப்பிய படங்களும் கிடைத்தன. வீட்டில் எல்லோரும் நலம் என்று படித்ததில் சந்தோஷம். இங்கும் நலமே. ஏழில் ஒரு பங்கு அளவில், 1.6 மீட்டர் இறக்கையோடு, ரேடியோவில் பறக்கும் மாடல்; அதுவும் பிரிட்டிஷ் போர்விமானமான ஸ்பிட்ஃபயர். அதுவும் 1940-இல் பறந்த மார்க் 1. ஷீட்டிங் (மேல்தோலாக ஒட்டும் மெல்லிய பால்சா மரத்தகடு) ஒட்டி உப்புத்தாள் போட்டிருக்கும் விதத்தைப் பார்த்ததும் கை வைத்துத் தடவிப் பார்க்கத் தோன்றியது. அடுத்து கவரிங் (அதன் மேல் போர்த்தும் உறை) என்று எழுதியிருக்கிறாய். தயவுசெய்து அதைத் தள்ளிப் போடு. ஹிஞ்ச் (அசையும் பாகங்களைப் பிடிக்கும் கீல்) வேலையெல்லாம் பசை இல்லாமல் ஒருமுறை முழுக்கப் பொருத்திப் பார்த்த பிறகுதான் கவரிங் போட வேண்டும். பசை மட்டும் கவரிங்குக்குப் பிறகு.

வாங்கி வைத்திருக்கும் சிஏ ஹிஞ்ச் (சிஏ என்ற சூப்பர் க்ளூவில் ஊறி ஒட்டும் தட்டைக் கீல்) பாக்கெட் எல்லாவற்றுக்கும் போதுமா என்று கேட்டிருந்தாய். ஐலரானுக்கும் (இறக்கையின் பின்னால் அசையும் பலகை) எலிவேட்டருக்கும் (வாலில் படுக்கையாக அசையும் பலகை) வேண்டாம். பழகும் விமானங்களில் ஐலரானின் முன்விளிம்பை வி வடிவில் சீவி, இறக்கையின் பின்விளிம்போடு ஒட்டினாற்போல் வைப்போம். இரண்டும் தொடும் இடத்திலேயே வளைவதால் அங்கே சிஏ ஹிஞ்ச் கச்சிதம். உன் ஸ்பிட்ஃபயரில் ஐலரானின் முன்விளிம்பு உருண்டை. இறக்கையின் குழிந்த பின்விளிம்புக்குள் அது புதைந்து உட்கார்ந்திருக்கும். அது சுற்றும் அச்சு முன்விளிம்பில் கிடையாது. அதற்குப் பின்னால், உருண்டையின் மையத்தில் இருக்கிறது. முன்விளிம்பிலேயே ஹிஞ்சைச் செருகினால் ஒரு பக்கம் வாயைப் பிளக்கும், மறுபக்கம் மரத்தில் இடிக்கும். ஆகவே எந்த ஹிஞ்ச் என்று யோசிப்பதற்கு முன்னால் அச்சு எங்கே என்று தீர்மானித்துவிடு. அது சரியானால் மற்றதெல்லாம் தானாகச் சரியாகும்.

அச்சின் இடத்துக்குக் கணக்கு எளிது: ஐலரான் அந்த இடத்தில் எவ்வளவு தடிமனோ அதில் பாதி தூரம், முன்விளிம்பிலிருந்து பின்னால். ஆனால் ஸ்பிட்ஃபயரின் இறக்கை நீள்வட்டம், வெளியே போகப் போக மெலிகிறது. உன் படத்தில் ஐலரான் உள்முனையில் 14 மிமீ, வெளிமுனையில் 8 மிமீ என்று தெரிகிறது. அப்படியென்றால் அச்சு உள்முனையில் முன்விளிம்புக்கு 7 மிமீ பின்னால், வெளிமுனையில் 4 மிமீ பின்னால். அச்சு நேர்கோடாக இருந்தே ஆக வேண்டும் என்பதால், முன்விளிம்பு அச்சுக்கு இணையாக ஓடாது. இதைத்தான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் முன்விளிம்பைச் சீவிவிட்டு, அங்கிருந்து ஒரே அளவு தள்ளி எல்லா ஹிஞ்சுக்கும் குறி போடுகிறார்கள். உள்முனை சரியாகச் சுற்றும், வெளிமுனை உரசும். நீ வரைபடத்தில் அச்சுக்கோட்டை முதலில் ஒரே நேராக இழு. அதிலிருந்து உள்முனையில் 7, வெளிமுனையில் 4 என்று முன்னால் குறித்து, இரண்டையும் சேர்த்து முன்விளிம்பைச் சீவு. இறக்கைப் பக்கக் குழிவை ஒரு மில்லிமீட்டர் அதிகமாக, அதாவது ஆரம் 8-இலிருந்து 5 வரை எடு. அந்த ஒரு மில்லிமீட்டர் இடைவெளிக்குள் கவரிங்கின் தடிமனும் பெயின்ட்டும் வந்துவிடும். அதைவிடக் குறைத்தால் பெயின்ட் அடித்த பிறகு ஒட்டிக்கொள்ளும்.

உயரத்தையும் மறந்துவிடாதே. ஸ்பிட்ஃபயர் இறக்கை உடலை ஒட்டிய இடத்தில் கூட்டல் 2 டிகிரி, நுனியில் கழித்தல் அரை டிகிரி என்று முறுக்கி இருக்கிறது. முறுக்கும் வளைவும் சேர்ந்து வருவதால், ஒவ்வொரு ரிப்பிலும் (இறக்கையின் குறுக்குச் சட்டம்) தடிமனின் நடுவைத் தனித்தனியாகக் குறித்துக்கொண்டு போனால் நடு ஹிஞ்ச் அரை மில்லிமீட்டர் மேலேயோ கீழேயோ போய்விடும். இரண்டு முனைத் துளைகளை மட்டும் ரிப்பிலிருந்து குறி. பிறகு அவற்றுக்கு நடுவில் மெல்லிய நூலை இறுக்கிக் கட்டி, நடு ஹிஞ்சின் உயரத்தை நூலிலிருந்து எடு.

இந்த அளவுக்கு ராபார்ட் கம்பெனியின் ஹிஞ்ச் பாயிண்ட் மாதிரியான, நடுவில் மூட்டுள்ள குச்சி வடிவ ஹிஞ்ச்தான் சரி: 4.8 மிமீ குறுக்களவு பெரியது, 3.2 மிமீ சிறியது. ஒவ்வொரு ஐலரானுக்கும் மூன்று. இரண்டு முனையிலிருந்தும் 25 மிமீ உள்ளே ஒவ்வொன்று, நடுவில் இருப்பது ஹார்னுக்கு (ஐலரானை அசைக்கும் கம்பி மாட்டும் கொம்பு) ஒட்டினாற்போல். ஹிஞ்ச் வரும் இடத்தில் மரத்துக்குள் கெட்டியான பால்சாவோ பாஸ்வுட்டோ 20 மிமீ நீளக் கட்டையாக ஒட்டியிருக்க வேண்டும். ஷீட்டிங் முடிந்துவிட்டதே என்று பயப்படாதே, பின்விளிம்பு வழியாகவே ஜன்னல் வெட்டிச் செருகிவிடலாம்.

துளை போட சாதாரண டிரில் பிட் வேண்டாம், அது பால்சாவின் நாரைப் பிய்த்துக்கொண்டு அலையும். 2 மிமீ வழித்துளை போட்டுவிட்டு, 4.8 மிமீ பித்தளைக் குழாயின் விளிம்பை அரத்தால் பல் பல்லாக வெட்டி, விரலால் திருகித் திருகி உள்ளே இறக்கு. துளை வழவழப்பாக, நேராக வரும். உள்ளே ஒன்றிரண்டு சொட்டு தண்ணீர் போன்ற மெல்லிய சிஏ விட்டுக் காயவைத்து, அதே குழாயை மறுபடி ஒருமுறை ஓட்டு. துளையின் சுவர் கெட்டிப்பட்டுவிடும்.

ஐலரான் பக்கத்தில் இன்னொரு வேலை இருக்கிறது. மூட்டு முன்விளிம்புக்கு 7 மிமீ உள்ளே போய் உட்காருவதால், இறக்கைக்குப் போகும் தண்டு மேலும் கீழும் அசைய முன்விளிம்பில் செங்குத்தாக ஒரு காடி வெட்ட வேண்டும். அகலம் 5 மிமீ. உயரத்துக்கு, 20 டிகிரி அசைவு வைத்துக்கொண்டால் 7 மிமீ தூரத்தில் மையத்திலிருந்து மேலே இரண்டரை, கீழே இரண்டரை, கூட தண்டின் தடிமன் 4.8. ஆக மொத்தம் ஏறக்குறைய 10 மிமீ. 14 மிமீ தடிமனில் இது தாராளமாக அடங்கும். வெளிமுனையில் அதே தடித்த ஹிஞ்சைப் போட்டால் காடி 7.8 மிமீ ஆகிவிடும்; ஐலரானின் தடிமனே 8 தான், காடி மேலும் கீழும் பிளந்துகொண்டு வெளியே தெரியும். அங்கே 3.2 மிமீ ஹிஞ்ச் வை, காடி 6 மிமீ சொச்சத்தில் நின்றுவிடும்.

மூன்றையும் பசையில்லாமல் செருகி, இறக்கையைச் செங்குத்தாகப் பிடித்து ஐலரானை விட்டுப் பார். தன் எடையிலேயே விழ வேண்டும். நடுநிலையில் லேசாகவும் அசைவின் கடைசியில் இறுக்கமாகவும் இருந்தால் மூன்றும் ஒரே கோட்டில் இல்லை என்று அர்த்தம். ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார், எதைக் கழற்றினால் விடுபடுகிறதோ அதுதான் கோட்டை விட்டு விலகியது. அந்தத் துளையைப் பாஸ்வுட் குச்சியால் அடைத்து மறுபடி போடு. வலுக்கட்டாயமாக ஓடவிட்டால் சர்வோ (ஐலரானை அசைக்கும் சிறிய மோட்டார்) நாள் முழுக்க ரீங்கரித்துக்கொண்டே பேட்டரியைக் குடிக்கும்.

பசைக்கு 30 நிமிட எபாக்ஸி. 5 நிமிட எபாக்ஸி மூன்றாவது ஹிஞ்ச் வரும்போதே இறுகத் தொடங்கிவிடும். வாசலினைச் சூடாக்கி உருக்கி மூட்டில் மட்டும் ஒரு சொட்டு விடு. முள்முள்ளாக இருக்கும் பகுதியில் பட்டால் பசை பிடிக்காது, பட்டுவிட்டால் ஸ்பிரிட்டால் துடை. பசையைக் குச்சியால் துளையின் சுவரில் பூசு. துளையை நிரப்பிவிடாதே, அடைபட்ட காற்று ஹிஞ்சைப் பின்னால் தள்ளும், பசை மூட்டுக்குள் பிதுங்கும். முதல் நாள் ஐலரான் பக்கம் மட்டும், மறுநாள் இறக்கைப் பக்கம். முதல் நாளும் ஐலரானை இறக்கையில் செருகியே வைத்துக் காயவிடு. குச்சி உருண்டை என்பதால் துளைக்குள் அது எந்தப் பக்கமும் திரும்பிவிடும், அதன் மூட்டிலுள்ள ஊசி அச்சுக்கோட்டுக்கு இணையாக நிற்க வேண்டும். அதனால் பசை ஈரமாக இருக்கும்போது ஐலரானை முழு அசைவுக்கும் மேலும் கீழும் பத்துப் பதினைந்து தடவை ஆட்டு. மூன்றும் தாமே ஒரே அச்சுக்குத் திரும்பிக்கொள்ளும். பிறகு நடுநிலையில் டேப் போட்டு விடு.

ஹார்னிலும் அச்சுதான் பேசுகிறது. கிளெவிஸ் (கம்பி முனையில் உள்ள கொக்கி) மாட்டும் துளை அச்சுக்கோட்டுக்கு நேர் கீழே வர வேண்டும். வழக்கம்போல் ஹார்னை முன்விளிம்போடு சமமாக வைத்தால், துளை அச்சுக்கு ஆறேழு மில்லிமீட்டர் முன்னால் போய்விடும். இறக்கைக்கு அடியில் ஹார்ன் இருக்கும்போது அதன் விளைவு, ஐலரான் மேலே குறைவாகவும் கீழே அதிகமாகவும் அசையும். நமக்கு வேண்டியது நேர்மாறாக. கீழிறங்கும் ஐலரானின் இழுவை மூக்கைத் தப்பான பக்கம் திருப்பும். நிஜ ஸ்பிட்ஃபயரில் இருந்தது ஃபிரைஸ் வகை ஐலரான். மேலே எழும்பும்போது முன்விளிம்பின் அடிப்பகுதி இறக்கைக்குக் கீழே நீட்டி அந்தப் பக்கம் இழுவையைக் கூட்டும், திருப்பம் சமனாகும். நம் மாடலில் அந்த வடிவத்தைப் பிடிப்பதைவிட உருண்டை முன்விளிம்பே போதும், மேலே 12 மிமீ, கீழே 8 மிமீ என்று ரேடியோவில் வைத்துக்கொள்.

எலிவேட்டருக்கும் இதே முறை, ஒவ்வொரு பாதிக்கும் மூன்று ஹிஞ்ச், எல்லாம் 3.2 மிமீ. இரண்டு பாதியையும் இணைக்கும் 3 மிமீ பியானோ கம்பியை முன்விளிம்பிலேயே பதித்துவிடுவது வழக்கம். அது வி வடிவ முன்விளிம்புக்குச் சரி, உருண்டை முன்விளிம்புக்கு ஆகாது. கம்பியின் குறுக்குப் பகுதி அச்சுக்கோட்டின் மேலேயே ஓட வேண்டும், இல்லாவிட்டால் எலிவேட்டர் அசையும்போது கம்பி உடலுக்குள் வட்டமடித்து இடிக்கும். எலிவேட்டர் அசைவை முதலில் 10 மிமீக்கு மேல் வைக்காதே. ஸ்பிட்ஃபயர் மாடல்களுக்கு அது போதும், கொஞ்சம் அதிகமானாலே துள்ளும்.

உன் சிஏ ஹிஞ்சை ரட்டருக்கு (வாலில் செங்குத்தாக நிற்கும் அசையும் பலகை) வைத்துக்கொள். ஸ்பிட்ஃபயரின் வால் சக்கரம் ரட்டரில் மாட்டாமல் உடலில் தனியாக நிற்பதால் தரையின் அடி ஹிஞ்சுக்கு வராது. ரட்டரின் முன்விளிம்பை மட்டும் வி வடிவில் சீவு. மூன்று ஹிஞ்ச். பிளேடால் நடுவில் பிளந்து, பிளவின் மையத்தில் 2.4 மிமீ துளையை ஹிஞ்சின் பாதி ஆழத்துக்குப் போடு. அந்தத் துளை வழியாகத்தான் பசை உள்ளே ஓடும். ஹிஞ்சின் நடுவில் குண்டூசி குத்தி, இரண்டு பக்கமும் சமமாகப் போகிறதா என்று பார்த்துச் செருகு. ஊசியை எடுத்துவிட்டு ரட்டரை நெருக்கி, ஒரு தாள் நுழையும் இடைவெளி மட்டும் விட்டு, மெல்லிய சிஏ ஆறு சொட்டு ஒரு பக்கம், திருப்பி ஆறு சொட்டு மறுபக்கம். கெட்டி சிஏ ஊறாது, வெளியிலேயே நின்றுவிடும். ஆக்சிலரேட்டர் (பசையை உடனே இறுக்கும் திரவம்) தெளிக்காதே, ஊறுவதற்குள் இறுகி ஹிஞ்ச் முறியும் அளவுக்கு விறைத்துவிடும். ஈரப்பதம் அதிகமான நாளில் இன்னும் சீக்கிரம் பிடிக்கும், சொட்டுகளை நிறுத்தாமல் விடு. காய்ந்ததும் பலமாக இழுத்துப் பார்.

ஃபிளாப்புக்கு (தரையிறங்கும்போது இறக்கையின் அடியில் விரியும் பலகை) இந்த இரண்டு வகை ஹிஞ்சும் வேண்டாம். ஸ்பிட்ஃபயர் ஃபிளாப் இறக்கையின் அடித்தோல் மட்டும் பிரிந்து ஏறக்குறைய 85 டிகிரி கீழே போவது, நடுநிலை கிடையாது. தட்டையான நைலான் ஹிஞ்சை அடித்தோலோடு சமமாகப் பதித்து, பல்குத்தும் குச்சியை ஹிஞ்சின் தட்டைப் பக்கத்திலுள்ள துளை வழியாக அடித்துப் பூட்டிவிடு.

எடை விஷயத்தில் கறாராக இரு. ஃபிளட்டர் (பறக்கும்போது பலகை தானாகவே படபடவென்று அதிர்வது) வருவதற்கு இரண்டு காரணங்கள் போதும்: அச்சுக்குப் பின்னால் அதிக எடை, இணைப்பில் ஆட்டம். விமானத்தைக் கீழ்நோக்கிப் பாயவிடும்போது திடீரென்று வண்டு இரைவது போல் சத்தம் கேட்டால் அதுதான். உடனே திராட்டிலைக் குறைத்து மூக்கை மெல்லத் தூக்க வேண்டும், விட்டுவிட்டால் சில விநாடியில் எலிவேட்டர் கழன்றுவிடும். எலிவேட்டர் நுனியிலும் ரட்டர் உச்சியிலும் அச்சுக்கு முன்னால் நீளும் பகுதி ஸ்பிட்ஃபயரிலேயே இருக்கிறது, அங்கே ஈயத் துண்டு பதிக்கலாம். ஆனால் இந்த விமானத்தின் மூக்கு குட்டை. வாலில் ஒரு கிராம் சேர்த்தால் அதைச் சமன் செய்ய மூக்கில் அதைப் போலப் பல மடங்கு ஈயம் வேண்டும். அதனால் முதலில் எலிவேட்டரை உள்ளே குடைந்து, மெல்லிய பால்சாவால் கட்டி இலேசாக்கு, அதன் பிறகும் தேவையென்றால் ஈயம்.

1940 என்று தீர்மானித்துவிட்டாய் என்பதால் கடைசியாக ஒன்று. அந்த வருடத்து ஸ்பிட்ஃபயரில் ஐலரான்கள் துணி போர்த்தியவை, உலோகத் தகடு போர்த்தியவை 1941-இல்தான் வந்தன. அதிவேகத்தில் துணி உப்பி, ஐலரான் இரண்டு கையாலும் அசைக்க முடியாத அளவுக்குக் கனத்துப் போனதுதான் அந்த மாற்றத்துக்குக் காரணம். உன் ஐலரானில் ரிப் வரிகள் தெரிய வேண்டும், ரட்டரிலும் எலிவேட்டரிலும்கூட. ஷீட்டிங் போட்ட ஐலரானின் மேல் 0.4 மிமீ பால்சாப் பட்டைகளை ரிப் இருக்கும் இடங்களில் ஒட்டிக் கவரிங்கைச் சுருக்கினால் துணி மாதிரியே இருக்கும். ஹிஞ்ச் காடியின் ஓரத்தில் மட்டும் கவரிங்கை இரண்டு மில்லிமீட்டர் வெட்டி ஒதுக்கிவிடு.

உள்முனை, நடு, வெளிமுனை மூன்றிலும் ஐலரானின் தடிமனைக் காலிப்பரால் அளந்து எழுது. நான் படத்திலிருந்து கணித்தது அரை மில்லிமீட்டர் தவறினாலும் காடிகளின் உயரம் மாறும். அளவு வந்ததும் ஐலரானுக்கான குறுக்குவெட்டுப் படத்தை நிஜ அளவில் வரைந்து அனுப்புகிறேன். அதை அட்டையில் ஒட்டி வெட்டி, சீவும்போது முன்விளிம்பில் வைத்து வைத்துப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்