பழுப்பு கிரையான் தீட்டியது தப்பா?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

பள்ளிச் சுற்றுலா பற்றி உங்கள் இதழில் வாசகர்கள் எழுதிவருவதைப் படிக்கிறேன். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் 32 வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவன் நான். எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது.

போன மாதம், நான்காம் வகுப்பு படிக்கும் என் பேத்தியின் வகுப்பைச் சுரங்கம் பார்க்க அழைத்துப் போனார்கள். பார்வை மேடையில் கால் மணி நேரம், குரூப் போட்டோ, புளிசாதம், அப்புறம் பூங்கா. மறுநாள் பார்த்ததைப் படமாக வரையச் சொல்லியிருக்கிறார்கள். பேத்தி கரிக்குப் பழுப்பு கிரையான் தீட்டினாள். டீச்சர் அதைச் சிவப்பு மையில் சுழித்து, 'நிலக்கரி கறுப்பு' என்று எழுதிவிட்டார்.

நெய்வேலியில் எடுப்பது லிக்னைட். அதற்குத் தமிழில் பேரே பழுப்பு நிலக்கரிதான்! வெட்டிய கையோடு பார்த்தால் நனைந்த மரக்கட்டை மாதிரி இருக்கும். எடையில் ஏறக்குறைய பாதி தண்ணீர். காய்ந்தால் வெடித்து உதிரும். குவித்துப் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். இதைத் தூர ஊருக்கு அனுப்பிக் கட்டுப்படியாகாது என்பதால்தான் பக்கத்திலேயே அனல்மின் நிலையம் கட்டி எரிக்கிறார்கள். 1962இல் சோவியத் உதவியோடு ஓட ஆரம்பித்த முதல் நிலையமும் அப்படித்தான். டீச்சர் மேல் எனக்குக் கோபமில்லை. அவர் கண்ட கரியெல்லாம் கறுப்பாக இருந்திருக்கும்.

என் ஆற்றாமை வேறு. தண்ணீரைப் பற்றிப் பிள்ளைகளிடம் யாரும் வாயே திறக்கவில்லையாம். கரிப் படிவத்துக்கு அடியில் ஊற்றுநீர் மேல்நோக்கி முட்டிக்கொண்டே இருக்கிறது. இராப்பகலாகப் பம்ப் வைத்து இறைத்து அந்த அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், சுரங்கத்தின் தரையைப் பிய்த்துக்கொண்டு தண்ணீர் மேலே வந்துவிடும். 1930களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு போட்டபோது தண்ணீரோடு கரித்தூளும் வந்ததால்தானே இந்தச் சங்கதியே வெளியே தெரிந்தது? குலுக்கிய சோடா பாட்டிலை லேசாகத் திறந்து காட்டினால் போதும், நான்காம் வகுப்புப் பிள்ளைக்கு இது புரிந்துவிடும்.

'ராட்டினம் மாதிரி ஒரு வண்டி' என்று பேத்தி வரைந்திருப்பது ஜெர்மன்காரர்களிடம் வாங்கிய வாளிச்சக்கர இயந்திரம்; சக்கரத்தைச் சுற்றியிருக்கும் வாளிகளால் மண்ணை வெட்டி அள்ளும். கரிக்கு மேலே கிடக்கும் மணற்பாறை அதன் பற்களை எப்படித் தேய்த்துவிடும் என்று எங்களைக் கேட்டால் ஒரு நாள் முழுக்கச் சொல்வோம். (நாங்களும் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்த குடும்பம்தான். அது தனிக் கடிதம்.)

நான் கேட்பது சின்ன விஷயம். பிள்ளைகளைச் சுரங்கத்துக்குக் கூட்டிப்போவதற்கு முந்தின நாள், சுரங்கத்தில் இறங்கி வேலை செய்த ஒருவரை வகுப்பில் ஒரு மணி நேரம் பேச விடுங்கள். இந்தப் பக்கம் எங்களைப் போல நிறையப் பேர் சும்மாதான் இருக்கிறோம். டீகூட வேண்டாம்.

அங்கே கொடுத்த ஒரு துண்டுக் கரியைப் பேத்தி டிபன் பாக்ஸில் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். ஜன்னலில் வைத்த நாலே நாளில் அது விரிசல் விட்டு உதிர்ந்துவிட்டது. அந்தத் தூளைப் பொட்டலமாக மடித்துக் கொடுத்திருக்கிறேன். திங்கட்கிழமை டீச்சரிடம் காட்டப் போகிறாளாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி,
கடலூர் மாவட்டம்.