அக்காவுக்கு, சேர்க்கைக் கட்டணம் கட்டிய மறுநாள்

அன்புள்ள அக்கா,

நேற்று ஐஐஎம்மில் (இந்திய மேலாண்மைக் கழகம்) சேர்வதற்கான கட்டணத்தைக் கட்டிவிட்டேன். எனக்கு இடம் கிடைத்ததைப் பற்றி வீட்டுக் குழுவில் அம்மா போட்ட செய்திக்கு நீ மட்டும் பதில் எழுதாததால் இங்கே எழுதுகிறேன்.

ஐஐஎம்களில் சேர நாம் எழுதிய கேட் (CAT) நுழைவுத் தேர்வில் உன் பர்சன்டைல், அதாவது எத்தனை சதவீதம் பேரை முந்தினாய் என்ற கணக்கு, என்னுடையதைவிட அதிகம். ஆனால் பல ஐஐஎம்கள் நேர்காணலுக்கு அழைக்கும்போது 10, 12ஆம் வகுப்பு, பட்டப்படிப்பு மதிப்பெண்களையும் சேர்த்தே கணக்கிடுகின்றன. நீ 12ஆம் வகுப்பு எழுதிய ஆண்டு நம் வீடு இருந்த நிலை நமக்குத் தெரியும். நாலு பேர் படிக்கும் இடத்தில் அதற்கு மேல் சொல்ல மாட்டேன். அந்த வயதில் வீட்டைத் தாங்கியவளை அந்த மதிப்பெண் பட்டியலே இன்றும் வழிமறிப்பது அநியாயம். அதில் பயனடைந்தவள் நான் என்பதற்காக மன்னித்துக்கொள், ஆனால் அந்த விதியை எழுதியது நான் அல்ல.

கேட்டுக்குப் பயிற்சியாக நான் ஒரு மாதிரித் தேர்வு எழுதிய நாள்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வருகிறது. தரவுகளையும் தர்க்கத்தையும் வைத்துக் கேட்கும் டிஐஎல்ஆர் பகுதிக்கான 40 நிமிடத்தில் பாதியை, ஆறு அணிகள் மோதும் ஒரே செட்டில் (கேள்வித் தொகுப்பில்) நான் தொலைத்திருந்தேன். "எதைப் போடுவது என்று தேடாதே, எதை விடுவது என்று முதலில் முடிவு செய்" என்றாய். நேரம் முடிந்தபின் நாள்காட்டித் தாளைக் கிழித்து, அணிப் பெயர்களை மேல் வரிசையிலும் பக்கவாட்டிலும் எழுதி, ஓர் அணி தன்னோடு தானே மோதும் கட்டங்களைக் குறுக்காக அடித்தாய். ஒன்றின் வெற்றி மற்றதன் தோல்வி என்பதால் பாதி நிரம்பியதுமே மீதி தானாக வந்தது. தேர்வுக் கூடத்தில் ஒரு செட்டைத் தொடாமலே நகரும் துணிவு எனக்கு வந்தது உன்னால்தான்.

அப்படிச் சொல்லிக்கொடுத்த நீயா சித்தியிடம், "அவளுக்குப் பழைய மார்க் கைகொடுத்தது, அவ்வளவுதான்" என்றாய்? நீ வடித்த சோற்றைத் தின்றுதான் படித்தேன், அக்கா. ஆனால் படித்தது நான்.

இருவருமாக மறுபடி எழுதலாம் என்றாய். கேட் மதிப்பெண் அந்த ஓர் ஆண்டுச் சேர்க்கைக்குத்தான் செல்லும். கையிலிருக்கும் இடத்தை விட்டுவிட்டு, அடுத்த நவம்பரில் முதலிலிருந்து தொடங்க என்னால் முடியாது. நீ எத்தனை முறை எழுதினாலும் அந்தப் பழைய மதிப்பெண் உன்னோடு வரும் என்பதையும் யாராவது உன்னிடம் சொல்லத்தான் வேண்டும்.

மேலாண்மைப் படிப்புக்கான இன்னொரு நுழைவுத் தேர்வான ஜிமேட் (GMAT) எழுது. அதன் மதிப்பெண் 5 ஆண்டுகள் செல்லும். அதை ஏற்கும் அகமதாபாத் ஐஐஎம்மின் ஓராண்டுப் படிப்புக்குக் குறைந்தது 4 ஆண்டு வேலை அனுபவம் கேட்கிறார்கள், அதை நீ எப்போதோ தாண்டிவிட்டாய். அட்டவணைகளையும் வரைபடங்களையும் வைத்துக் கேட்கும் 45 நிமிடப் பகுதி ஜிமேட்டில் இருக்கிறது. அதில் உன்னை மிஞ்ச ஆளில்லை.

சித்தியிடம் சொன்னதை நீ திருத்திச் சொல்லும்வரை நான் போன் செய்யப்போவதில்லை. ஆனால் ஜிமேட் கட்டணம் என் பொறுப்பு. எந்தத் தேதி வேண்டும் என்று மட்டும் எழுது.

உன் தங்கை