ஃபாஸ்ட் எழுதிக் கொடுத்தது கிரயமா, பந்தயமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழின் ஜெர்மன் இலக்கியக் கட்டுரையில், ஜெர்மன் கவிஞர் கதேயின் நாடகத்தில் வரும் ஃபாஸ்ட் 24 ஆண்டு சுகத்துக்காகச் சாத்தானிடம் ஆன்மாவை விற்றான் என்று ஒரு வரி வந்திருக்கிறது. நாற்பது ஆண்டு பத்திரம் எழுதிப் பிழைத்தவன் நான். பேசாமல் இருக்க முடியவில்லை.

அந்த 24 ஆண்டுக் கெடு, 1587-இல் ஃபிராங்க்ஃபர்ட்டில் யோஹான் ஸ்பீஸ் அச்சிட்ட பழைய ஃபாஸ்ட் கதைப் புத்தகத்தில் வருவது. அது சுத்தமான கிரயம். கெடு முடிந்ததும் உடல், உயிர், உடைமை எல்லாம் உன்னுடையவை என்று ரத்தத்தால் எழுதிக் கொடுக்கிறான். எழுதுவதற்குக் கையைக் கீறியபோதே, 'மனிதனே, ஓடிவிடு' என்று லத்தீனில் அந்தக் கையில் தெரிந்ததாம். அவன் ஓடவில்லை. பின்னால் ஒரு முதியவர் புத்தி சொல்ல, மனம் திருந்தப் பார்க்கிறான். சாத்தான் மிரட்டி, 17-ஆம் ஆண்டில் இரண்டாவது பத்திரமும் எழுதி வாங்கிவிடுகிறான். ஒரே சொத்தை இரண்டு பேருக்கு விற்றவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒரே ஆளுக்கு இரண்டு முறை எழுதிக் கொடுத்தவன் இவன்தான். கடைசி இரவில் மாணவர்களுக்கு விருந்து வைத்து, சத்தம் கேட்டாலும் படுக்கையை விட்டு எழ வேண்டாம் என்கிறான். விடிந்து பார்த்தால் அறையெல்லாம் ரத்தம். உடல் வெளியே எருக்குவியலில் கிடக்கிறது.

கதே 1808-இல் வெளியிட்ட முதல் பாகத்தில் கெடுவே கிடையாது. அது பந்தயம். ஏதாவது ஒரு கணத்தைப் பார்த்து 'நில், நீ எவ்வளவு அழகு' என்று சொல்லிவிட்டால் என்னை விலங்கிட்டுக்கொள் என்கிறான் ஃபாஸ்ட். கையடித்த பிறகு மெஃபிஸ்டோ (கதேயின் சாத்தானுக்கு அதுதான் பெயர்) இரண்டு வரி எழுதித் தரச் சொல்ல, வாய்ச்சொல் போதாதா என்று எரிந்து விழுகிறான். (இதே கேள்வியைக் கேட்ட பலரைப் பிறகு கோர்ட்டு வாசலில் சந்தித்திருக்கிறேன்.)

கதே இறந்த 1832-இல் வந்த இரண்டாம் பாகத்தில்தான் முடிச்சு இருக்கிறது. பார்வை போன கிழவனான ஃபாஸ்ட், மண்வெட்டிச் சத்தம் கேட்டுத் தன் வாய்க்கால் வேலை நடக்கிறது என்று பூரிக்கிறான். வெட்டப்படுவது அவனுடைய குழி. அந்தப் பூரிப்பில் பந்தயச் சொற்களைச் சொல்லிவிட்டுச் சாகிறான். ஜெயித்தோம் என்று மெஃபிஸ்டோ நிற்க, தேவதூதர்கள் உயிரைத் தூக்கிப் போய்விடுகிறார்கள். அநியாயம் என்று தோன்றும். ஆனால் வினைச்சொல்லைக் கவனியுங்கள். சுதந்திர பூமியில் சுதந்திர மக்களோடு நிற்க வாய்த்தால், அந்தக் கணத்திடம் 'நில்' என்று சொல்லலாம் என்கிறான். 'சொல்லலாம்'தான், 'சொன்னேன்' இல்லை.

மெஃபிஸ்டோ என்னிடம் வந்திருந்தால், 'சொல்ல நினைத்தாலும் சொன்னதாகவே கொள்ளப்படும்' என்று ஒரு ஷரத்து சேர்த்திருப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற பத்திர எழுத்தர்,
கும்பகோணம்.